முனைவர் பட்ட ஆய்வுக்கு இடையே சம்பளத்துக்கு ஆய்வுப் பணி

முனைவர் பட்டத்துக்குப் பதிவு செய்திருப்பவர், அதே காலத்தில் சம்பளம் தரும் ஆய்வுத் திட்டம் ஒன்றிலும் சேரலாமா என்று யோசிக்கும்போது, பெரும்பாலும் நேரத்தைப் பற்றித்தான் கவலைப்படுகிறார். நான் அதற்கு முன்பே ஒன்றைக் கேட்பேன்: அந்தத் திட்டத்தில் திரட்டும் தரவு, ஆய்வேட்டின் ஓர் இயலாகவாவது மாறுமா?

மாறும் என்றால் சுமை பாதியாகக் குறைந்துவிடும். நேரக் கணக்கோ நாட்டுக்கு நாடு மாறும். சுவீடனில் முனைவர் பட்ட மாணவர்கள் பெரும்பாலும் பல்கலைக்கழக ஊழியர்களாகவே அமர்த்தப்படுகிறார்கள்; கற்பித்தல் போன்ற பிற கடமைகள் முழு வேலைநேரத்தில் 20 விழுக்காட்டைத் தாண்டக் கூடாது என்று விதியும் உண்டு. ஜெர்மனியில் பலர் முழு வேலைநேரத்தில் 50 அல்லது 65 விழுக்காடு மட்டுமே கொண்ட பணியிடங்களில் சேர்கிறார்கள். சம்பளம் அந்த விகிதத்தில்தான், உழைப்போ பல குழுக்களில் முழு நாளையும் எடுத்துக்கொள்கிறது. ஆகவே தாளில் உள்ள விழுக்காட்டை நம்புவதைவிட, அந்தக் குழுவில் ஏற்கெனவே இருக்கும் மாணவரிடம் அவருடைய வாரம் எப்படிக் கழிகிறது என்று தனியே விசாரிப்பது மேல்.

தரவு பொருந்தினாலும், அதைப் பயன்படுத்தும் உரிமை கிடைக்குமா என்று தனியாகப் பார்க்க வேண்டும். நிதி தருவது தொழில் நிறுவனமாக இருந்தால், காப்புரிமைக்கு விண்ணப்பிக்கும் வரை முடிவுகளை வெளியிடக் கூடாது என்ற நிபந்தனை ஒப்பந்தத்தில் இருக்கலாம். மனிதர்களிடம் திரட்டிய தரவானால், அவர்கள் அளித்த ஒப்புதலும் நெறிமுறைக் குழுவின் அனுமதியும் ஆய்வேட்டையும் உள்ளடக்குகின்றனவா என்று சரிபார்க்க வேண்டும். கட்டுரைகளில் முதல் ஆசிரியராக யார் பெயர் வரும் என்பதையும் சேர்வதற்கு முன்பே பேசி, மின்னஞ்சலிலாவது பதிவு செய்துகொள்ளலாம். திட்டத்தின் முதன்மை ஆய்வாளரே நெறியாளராகவும் இருந்தால் இந்தப் பேச்சு சங்கடமானதுதான். ஆனாலும் தவிர்ப்பதற்கில்லை, ஏனெனில் திட்ட அறிக்கையை நிதி தருபவர் கெடு வைத்துக் கேட்பார், ஆய்வேட்டின் இயலை அப்படிக் கேட்க யாரும் இருக்க மாட்டார்கள்.

உதவித்தொகை பெறுபவர் அதன் விதிகளைப் படித்தாக வேண்டும். பல உதவித்தொகைகள் வேறு ஊதியத்தைத் தடுக்கின்றன. வெளிநாட்டு மாணவருக்கு விசா வரம்பும் உண்டு: அமெரிக்காவில் எஃப்-1 என்ற மாணவர் விசாவில் படிப்பவர், வகுப்புகள் நடக்கும் பருவத்தில் வளாகத்துக்குள் வாரத்துக்கு 20 மணி நேரம் வரைதான் பணியாற்றலாம்.

தலைப்போடு தொடர்பே இல்லாத பணியை, வேறு வருமானம் இல்லாதபோது மட்டுமே ஏற்பேன்; அதுவும் ஆய்வின் முற்பகுதியில். வாசிப்பையும் சோதனைகளையும் துண்டு துண்டான நேரத்தில் ஓரளவு நடத்திவிட முடியும், ஆனால் முடிவுகளைக் கோத்து வாதமாக்குவதற்கு இடையறாத வாரங்கள் வேண்டும். எனவே ஆய்வேட்டைச் சமர்ப்பிப்பதற்குச் சில மாதங்கள் முன்பே ஒப்பந்தம் முடியுமாறு கேட்டுப் பார்ப்பேன். சம்பளம் வராத அந்த மாதங்களுக்கான பணத்தை, முதல் சம்பளத்திலிருந்தே ஒதுக்கத் தொடங்க வேண்டியிருக்கும்.