ரெடிஸ் உரிமமும் மேகக்கணினி வருமானமும்

2009இல் சால்வதோரே சான்ஃபிலிப்போ தொடங்கிய ரெடிஸ் தரவுத்தளம், பதிப்புரிமைக் குறிப்பை வைத்துக்கொண்டு யாரும் எடுத்து விற்கலாம் என்னும் பிஎஸ்டி உரிமத்தில் வெளிவந்ததால், பெரிய மேகக்கணினி நிறுவனங்கள் அதையே கட்டணச் சேவையாக்கி வருமானம் ஈட்டின. இதைத் தடுக்க ரெடிஸ் நிறுவனம் 2024 மார்ச்சில் உரிமத்தை இறுக்கியது. சில நாட்களிலேயே அமேசான், கூகுள், ஆரக்கிள் ஆகியவற்றின் ஆதரவுடன், லினக்ஸ் அறக்கட்டளையின் கீழ், பழைய உரிமத்திலிருந்த ரெடிஸ் நிரலை எடுத்துத் தனியே வளர்க்கும் வால்கீ என்னும் கிளைத்திட்டம் பிறந்துவிட்டது.

நிறுவனத்தின் வருத்தம் எனக்குப் புரிகிறது. ஆனால் வெளியிலிருந்து நிரல் எழுதித் தந்தவர்கள் நம்பியது பழைய உரிமத்தைத்தானே? பாதிவழியில் விதியை மாற்றியது தவறு என்றே கருதுகிறேன்.

2025 மே மாதம் வந்த ரெடிஸ் 8, ஏஜிபிஎல் உரிமத்தையும் ஒரு தெரிவாகச் சேர்த்தது மகிழ்ச்சி தந்தது: நிரலை மாற்றியமைத்து இணையச் சேவையாக அளிப்பவர், அந்த மாற்றங்களின் மூலநிரலைப் பயனர்களுக்குத் தர வேண்டும் என்பது அதன் நிபந்தனை.