சிராவை வைத்து மூன்றாம் நிலைத் தேர்வுக்குப் படித்த கதை

டபிள்யூ.எஸ்.இ.டி. என்ற ஒயின் கல்வி அமைப்பின் மூன்றாம் நிலைத் தேர்வுக்குப் படிப்பவர்களில் பலர் ஊர்ப் பெயர்களை உருப்போட்டே களைத்துப் போகிறார்கள். எனக்குக் கைகொடுத்தது வேறு வழி. ஒரே ஒரு சிவப்புத் திராட்சை ரகத்தைப் பிடித்துக்கொண்டு, அது ஊருக்கு ஊர் ஏன் மாறுகிறது என்று துருவிப் பார்த்தேன். நான் எடுத்துக்கொண்டது சிரா. ஆஸ்திரேலியாவில் அதையே ஷிராஸ் என்கிறார்கள். ஈரானின் ஷிராஸ் நகரிலிருந்து வந்த ரகம் என்று ஒரு கதை உலவுகிறது, நம்ப வேண்டாம். துரேசா, மோந்தூஸ் பிளாஞ்ச் என்ற இரண்டு பிரெஞ்சு ரகங்களின் பிள்ளை அது என்பதை மரபணுச் சோதனை காட்டிவிட்டது.

முதலில் இரண்டு பாட்டில்களை அருகருகே வைத்துச் சுவையுங்கள்: பிரான்சின் வடக்கு ரோன் பள்ளத்தாக்கிலிருந்து ஒன்று, தெற்கு ஆஸ்திரேலியாவின் பரோசாவிலிருந்து ஒன்று. ரோனில் ஹெர்மிட்டாஜ் ஒயினின் விலை கையைக் கடிக்கும், அதைச் சுற்றியுள்ள குரோஸ்-ஹெர்மிட்டாஜ் பகுதி ஒயினே போதும். அதை முகர்ந்தால் கருமிளகு, கறுப்பு ஆலிவ், சில சமயம் புகையில் வாட்டிய இறைச்சி. புளிப்பு தூக்கலாக இருக்கும், துவர்ப்பு ஈறுகளைப் பிடிக்கும். பரோசா அப்படியில்லை. நன்றாகப் பழுத்த கரும்பழம், சாக்லேட், அதிமதுரம். வாய் நிறையும் கனம். துவர்ப்பு இருந்தாலும் மெத்தென்றிருக்கும். அமெரிக்க ஓக் பீப்பாயில் வைத்திருந்தால் தேங்காயும் வெனிலாவும் சேர்ந்துகொள்ளும்.

அந்த மிளகு வாசனைக்குக் காரணம் ரோட்டன்டோன் என்ற சேர்மம். குளிர்ந்த இடங்களில் விளையும் பழத்தில் அது கூடுதலாக இருக்கும். ஏறக்குறைய ஐந்தில் ஒருவருக்கு இந்த வாசனை மூக்கில் ஏறுவதே இல்லை. உங்களுக்கும் அப்படியென்றால் கவலைப்படாதீர்கள், புளிப்பையும் கனத்தையும் பிடித்துக்கொண்டு எழுதலாம்.

எழுத்துத் தேர்வில் மதிப்பெண் கிடைப்பது காரணத்துக்குத்தான். ‘பரோசா ஒயின் கனமானது’ என்று மட்டும் எழுதினால் பாதிக் கிணறுதான் தாண்டியிருக்கிறீர்கள். வெயிலும் வறட்சியும் உள்ள இடம், அதனால் சர்க்கரை ஏறுகிறது, அதனால் ஆல்கஹாலும் கனமும் கூடுகின்றன என்று சங்கிலியாக எழுதுங்கள். வயதான கொடிகளையும் காரணமாகச் சேர்க்கலாம். கொடிகளை அழித்த ஃபிலாக்ஸெரா பூச்சி தெற்கு ஆஸ்திரேலியாவுக்குள் நுழையவில்லை; 1843இல் நட்ட ஷிராஸ் கொடிகள் பரோசாவில் இன்றும் காய்க்கின்றன. விளைச்சல் குறைவு, சுவை செறிவு.

இந்தச் சங்கிலியைச் சோதிக்க நல்ல இடம் ஆஸ்திரேலியாவின் ஹண்டர் பள்ளத்தாக்கு. வெப்பமான ஊர்தான், ஆனால் அங்கத்திய ஷிராஸ் பெரும்பாலும் நடுத்தரக் கனம். மேகமூட்டம் வெயிலை மட்டுப்படுத்துகிறது, அறுவடை நேரத்து மழைக்குப் பயந்து சீக்கிரமே பறித்தும்விடுகிறார்கள். ‘வெப்பம் என்றால் கனம்’ என்று சூத்திரம் போட்டுப் படித்தவர் இங்கே சறுக்குவார்.

மறுபடி வடக்கு ரோனுக்கு வந்தால், அங்குள்ள கோத்-ரோட்டி பகுதியில் விதிப்படி 20 சதவீதம் வரை வியோனியே என்ற வெள்ளைத் திராட்சையைச் சேர்த்து நொதிக்க வைக்கலாம் என்பதும் இன்னொரு பகுதியான கோர்னாஸின் ஒயின் முழுக்க முழுக்க சிரா என்பதும் ஒரு வரியில் நினைவிருந்தால் சரி. செங்குத்தான சரிவு, கொடிக்குத் துணையாக நட்ட கம்பு, மிஸ்ட்ரால் என்ற பலத்த வடகாற்று ஆகிய மூன்றையும் சேர்த்தே படியுங்கள். கொடி காற்றில் சாயாமலிருக்கத்தான் அந்தக் கம்பு.

அப்புறம் சுவைத் தேர்வு. 30 நிமிடத்தில் இரண்டு ஒயின்கள். என்ன ரகம் என்று கண்டுபிடிப்பதற்கு அங்கே மதிப்பெண் கிடையாது, அதனால் துப்பறியும் வேலையில் இறங்காதீர்கள். விடைத்தாளில் வரிசைப்படி எல்லா இடத்தையும் நிரப்புங்கள். 14 சதவீதமும் அதற்கு மேலும் ‘அதிக’ ஆல்கஹால். துப்பிய பிறகு தொண்டையில் சூடு எவ்வளவு நேரம் நிற்கிறது என்று பார்த்துப் பழகினால் இது கைவந்துவிடும். துவர்ப்பை அளக்கத்தான் எனக்கு அதிக நாள் பிடித்தது. பரோசாவின் மெத்தென்ற துவர்ப்பைக் குறைவு என்று எழுதத் தோன்றும். நாக்கை மேலுதட்டின் உட்புறம் ஓட்டிப் பாருங்கள், அங்கே ஒட்டினால் தாராளமாக ‘நடுத்தரத்துக்கு மேல்’ என்று எழுதலாம்.