பிற அடியார்களுக்கும் இடம் தந்த நூல்

சீக்கிய சமயம் என்றதும் பலரும் தலைப்பாகையிலும் கிர்பான் எனும் குறுவாளிலும் நின்றுவிடுகிறார்கள். என்னை ஈர்ப்பது அதன் திருநூல் உருவான விதம். இன்று பாகிஸ்தானில் நன்கானா சாகிப் என வழங்கும் தல்வண்டியில் 1469-இல் பிறந்த குரு நானக், இறைவன் ஒருவனே, அவன் உருவமும் பிறப்பும் இல்லாதவன் என்று பாடினார். இறைநாமத்தை நினைத்தல், நேர்மையாக உழைத்து உண்ணல், இருப்பதைப் பகிர்தல் ஆகியவற்றை வலியுறுத்திய அவர், துறவறத்தை ஏற்காமல், இறுதிக் காலத்தில் கர்தார்பூரில் தாமே உழவு செய்து வாழ்ந்தார். சாதி பாராமல் அனைவரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் லங்கர் அந்தப் போதனையின் நடைமுறை வடிவம்.

ஐந்தாம் குரு அர்ஜன் 1604-இல் ஆதி கிரந்தம் எனும் அத்திருநூலைத் தொகுத்தபோது, குருமார்களின் பாடல்களோடு நெசவாளர் கபீர், தோல் தொழிலாளர் ரவிதாஸ், தையற்காரர் நாமதேவர், சூஃபி ஞானி பரீத் ஆகியோரின் பாடல்களையும் சேர்த்தார். வேற்று மரபினரின் குரலுக்குத் தன் திருநூலுக்குள்ளேயே இவ்வளவு இயல்பாக இடமளிப்பது சமய வரலாற்றில் அரிது என்றே கருதுகிறேன். 1699-இல் ஆனந்த்பூரில் தீட்சை பெற்ற சீக்கியரின் அமைப்பான கால்சாவை நிறுவிய பத்தாம் குரு கோவிந்த் சிங், 1708-இல், தமக்குப் பின் மனிதர் எவரையும் அல்லாமல் இந்நூலையே குருவாக அறிவித்தார். அதனால்தான் சீக்கிய வழிபாட்டு இடங்களான குருத்வாராக்களில் அது விதானத்தின்கீழ் வைக்கப்பட்டு, சாமரம் வீசப்பட்டு, இரவில் தனி அறைக்கு மரியாதையுடன் எடுத்துச் செல்லப்படுகிறது.