இரண்டடி பிளேடும் அப்பா பூசிய சுவரும்

சேலம் கன்னங்குறிச்சியில் இருக்கும் எங்கள் வீட்டின் நடு அறையை 1993-ல் அப்பாவே பூசினார். கொத்தனார் வேலையிலேயே வாழ்க்கையைக் கழித்தவர். பெயிண்டுக்கு அடியில் சுவரை வழவழப்பாக்கப் பூசிய பழைய பட்டி செதில் செதிலாக உதிரத் தொடங்கியபோது, அந்தச் சுவரை வேறு கையில் கொடுக்க எனக்கு மனம் வரவில்லை. நானே பட்டி பார்ப்பது என்று முடிவு செய்தேன்.

இதற்கு முன் இரண்டு அறைகளுக்கு ஆறு அங்குல பட்டி பிளேடால் பார்த்திருக்கிறேன். பகலில் சுவர் நன்றாகத்தான் இருக்கும். இரவில் டியூப் லைட் போட்டதும் அலை அலையாகத் தெரியும். சின்ன பிளேடு மேட்டில் ஏறும்போது தானும் ஏறுகிறது, பள்ளத்தில் இறங்கும்போது தானும் இறங்குகிறது. எத்தனை முறை இழுத்தாலும் சுவர் பழைய சுவர்தான், நிறம் மட்டும் வெள்ளை.

அதனால் இந்த முறை அகலமான ஸ்பேச்சுலா ஒன்றை வாங்கினேன். அகலம் 60 செ.மீ., அதாவது இரண்டடி. 0.3 மி.மீ. தடிமனில் துருப்பிடிக்காத எஃகுத் தகடு, அதன் முதுகில் நீளமான அலுமினியப் பிடி. செவ்வாய்ப்பேட்டையில் மூன்று கடைகளில் கேட்டேன், பன்னிரண்டு அங்குலத்துக்கு மேல் இல்லை. கடைசியில் வெளியூரிலிருந்து வரவழைத்தேன். தகட்டை விரலால் வளைத்துப் பார்த்தபோது நம் இரும்பாலைதான் நினைவுக்கு வந்தது. துருப்பிடிக்காத எஃகைத் தகடாக உருட்டும் ஊர் இது. இங்கேயே யாராவது இப்படி ஒரு பிளேடு செய்தால் முதல் ஆளாக நான் வாங்குவேன். எஃகு நல்லதாக இருப்பது முக்கியம். என் பழைய பிளேடில் துரு ஏறி, வெள்ளைப் பட்டியில் பழுப்புப் புள்ளிகள் விழுந்த கதை ஒன்று உண்டு.

முதல் நாள் சரியாக வரவில்லை. வெள்ளை சிமெண்ட் பட்டி, 20 கிலோ பை. ஒரு கிலோவுக்கு 360 முதல் 380 மில்லி தண்ணீர் என்று பையில் போட்டிருந்தது. அளந்து ஊற்றிக் கலக்கி, பத்து நிமிடம் ஊறவிட்டு மறுபடி கலக்கினேன். சுவரையும் நனைத்துக்கொண்டேன். ஆனாலும் பிளேடை இழுத்த இடமெல்லாம் இரண்டு ஓரத்திலும் கோடு விழுந்தது, தண்டவாளம் போட்டதுபோல. அழுத்திப் பார்த்தேன், கோடு ஆழமானது. மெதுவாக இழுத்தேன், அப்போதும் போகவில்லை.

எங்கள் தெருவில் பெயிண்டர் தம்பி ஒருவர் இருக்கிறார். மாலையில் வந்து பார்த்தவர், "இவ்வளவு அகலத்தைக் கை தாங்குகிறதா அக்கா?" என்று கேட்டுவிட்டு, பிளேடின் விளிம்பில் நகத்தை வைத்து ஓட்டினார். இரண்டு மூலையும் கத்திபோல இருந்தன. 400-ஆம் நம்பர் உப்புத்தாளைத் தண்ணீரில் நனைத்து, தரையில் ஒரு கண்ணாடித் துண்டின்மேல் விரித்து, விளிம்பை அதில் முன்னும் பின்னுமாகத் தேய்க்கச் சொன்னார். மூலைகளை மட்டும் துளி உருட்டிவிட்டேன். கால்மணி நேர வேலை. மறுநாள் கோடு விழவில்லை. புது பிளேடு வாங்குகிற யாரும் இதைச் செய்யாமல் சுவரில் வைக்க வேண்டாம்.

கை பழக ஒரு சுவர் முழுக்க ஆனது. ஆறு அங்குல பிளேடால் பட்டியை அப்பிக்கொண்டு, பெரிய பிளேடை இழுப்பதற்கு மட்டுமே வைத்துக்கொண்டேன். பிளேடைச் சுவரோடு படுக்கவைத்தால் பட்டி சுவரில் தங்குகிறது, நிமிர்த்தினால் வழித்துக்கொண்டு வந்துவிடுகிறது. இரண்டு கட்டைவிரலும் ஒரே அளவு அழுத்த வேண்டும். சத்தத்தை வைத்தே தெரிந்துகொள்ளலாம்: பட்டி ஈரமாக இருக்கும்போது பிளேடு சத்தமே இல்லாமல் வழுக்குகிறது, இறுகத் தொடங்கினால் சரசரவென்று முனகுகிறது. சேலத்து ஏப்ரலில் அந்த முனகல் சீக்கிரமே வந்துவிடும். மின்விசிறியை நிறுத்தி, ஜன்னலைச் சாத்தி, ஒரு நேரத்துக்கு மூன்று கிலோவுக்கு மேல் கலக்காமல் செய்தேன்.

இனி நான் சொல்ல வந்தது. இரண்டடி பிளேடு பள்ளத்தில் இறங்காது. இரண்டு பக்க மேட்டிலும் உட்கார்ந்துகொண்டு பாலம்போல் கடந்துவிடும். பள்ளத்தில் பட்டி நிற்கும், மேட்டில் வழிந்து சுவர் தெரியும். அப்பா மட்டப்பலகையைச் சுவரில் வைத்து, இடுக்கில் வெளிச்சம் வருகிறதா என்று கண்ணைச் சுருக்கிப் பார்ப்பார். அதே வேலையை இந்தத் தகடு ஒவ்வொரு இழுப்பிலும் செய்கிறது. பத்தடி அகலம், ஒன்பதடி உயரச் சுவரில் அது எனக்குக் காட்டிக்கொடுத்தது ஒரே ஒரு பெரிய பள்ளத்தைத்தான்: பிற்பாடு ஒயரிங்குக்காகக் குழாய் புதைத்து அவசரமாக மூடிய காடி. மூன்று மில்லிமீட்டர் ஆழம். இரண்டு கோட்டிங்கும் சேர்ந்து ஒன்றரை மில்லிமீட்டருக்கு மேல் பட்டி ஏற்றக்கூடாது என்பதால், அதைத் தனியாகச் சிமெண்ட் கலவையால் அடைத்துக் காயவிட்டேன். மற்ற இடமெல்லாம் பிளேடு ஒரே சீராகப் போனது. மேலிருந்து கீழே, ஒரு மூலையிலிருந்து மறு மூலைவரை. நடுவில் ஒருமுறை கையை நிறுத்திவிட்டு அந்தச் சுவரைத் தடவிப் பார்த்தேன். முப்பது வருடத்துக்குப் பிறகும் அப்பாவின் பூச்சு துளிகூட ஏமாற்றவில்லை.

உப்புத்தாள் தேய்ப்பது அரை மணியில் முடிந்தது. போன முறை ஒரு முழு நாள், மூக்குக்கவசம் போட்டும் தூசி தொண்டைவரை போனது. ஆனால் சுவிட்சுப் பெட்டியைச் சுற்றியும் ஜன்னல் ஓரத்திலும் பெரிய பிளேடு உதவாது. அங்கே பழைய ஆறு அங்குலம்தான்.

இதைக் கேள்விப்பட்டு ஏற்காட்டில் நாகலூரில் இருக்கும் தங்கை கூப்பிட்டாள். இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறி பிளேடோடு போனேன். மழை விட்டுச் சில நாள்தான் ஆகியிருந்தது. முன்னறைச் சுவரில் போட்ட கோட்டிங் மறுநாள் காலையிலும் சில்லென்று ஈரமாகவே இருந்தது. இரண்டாவதற்கு இன்னொரு நாள் காத்திருந்தேன். மலைச்சரிவை ஒட்டிய பின்சுவரைத் தொடவே இல்லை. வெளியிலிருந்து ஓதம் ஏறி அடியில் உப்புப் பூத்திருக்கிறது. அதன்மேல் எவ்வளவு வழவழப்பாக இழுத்தாலும் அடுத்த மழைக்குப் பட்டி பொரிந்து விழும். முதலில் பின்பக்க மண்ணைத் தள்ளி வாய்க்கால் எடுங்கள் என்று மாப்பிள்ளையிடம் சொல்லிவிட்டு வந்தேன்.

திரும்பி வந்ததும் பெயிண்டர் தம்பி பிளேடை ஒரு ஹால் வேலைக்கு வாங்கிக்கொண்டு போனார். மூன்றாம் நாள் கழுவித் துடைத்துத் திருப்பிக் கொடுத்தார். தனக்கு 40 செ.மீ. அளவு போதும் என்கிறார். அவருக்காக அந்த அளவில் ஒன்று வரவழைக்கச் சொல்லியிருக்கிறேன்.