நான் சிரிச்சது வேற

அன்றைக்கு நான் மேனேஜராக இருக்கும் பேங்க் கிளையில் கேஷ் 4,500 ரூபாய் குறைந்தது. மாத முதல் வாரம், பென்ஷன் கூட்டம், இரண்டு கவுன்டரில் ஒன்றுதான் ஓடியது, அதனால் யாருக்கும் ஆச்சரியமில்லை. ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டு, கேஷியர் பெண் மூன்றாவது தடவையாக எண்ணிக்கொண்டிருந்தாள். பெட்டகத்துக்கு இரண்டு சாவி. ஒன்று அவளிடம், இன்னொன்று என்னிடம். இருவரும் சேர்ந்து பூட்டாமல் யாரும் கிளம்ப முடியாது. மகனை டியூஷனிலிருந்து கூட்டிக்கொண்டு என்னையும் அழைத்துப்போக வந்த என் வீட்டுக்காரர் முக்கால் மணி நேரம் பெஞ்சில் உட்கார்ந்து பார்த்தார். அப்புறம் எழுந்து கவுன்டர் பக்கம் வந்து, "என்னம்மா, பொண்ணுங்க கேஷ்ல உட்கார்ந்தாலே எங்களுக்கெல்லாம் ராத்திரி ஓட்டல் சாப்பாடுதானா?" என்றார்.

அவள் சிரித்தாள். எட்டாவது படிக்கும் என் மகன் சத்தமாகவே சிரித்தான். நானும் சிரித்தேன்.

கொஞ்ச நேரத்தில் அவளே நிமிர்ந்து, "மேடம், ஒன்பதுல போகுது" என்றாள். பேங்கில் இருப்பவர்களுக்கு இது தெரியும். வித்தியாசம் ஒன்பதால் மீதியில்லாமல் வகுபட்டால், எங்காவது இலக்கம் இடம் மாறியிருக்கிறதா என்று முதலில் பார்ப்போம். செலான் கட்டைப் பிரித்து ஒவ்வொன்றாகத் தள்ளினாள். 12,700 என்று எழுதியிருந்த ஒரு செலான் 17,200 என்று பதிவாகியிருந்தது. அந்தக் கையெழுத்தில் இரண்டும் ஏழும் எனக்கே ஒரே மாதிரிதான் தெரிந்தன. பதிவைத் திருத்தினோம், கேஷ் சரியானது. என் வீட்டுக்காரர் சந்தோஷமாக, "பரவாயில்லையே, கணக்கு வருதே!" என்றார். அவள் அதற்கும் சிரித்தாள், ஆனால் இந்தத் தடவை தலையை நிமிர்த்தவில்லை.

நடந்தது இவ்வளவுதான். இதுக்கா இத்தனை யோசனை என்று எனக்கே தோன்றுகிறது. ஆனால் காரில் நடந்த பேச்சு ஆறு மாதமாக மனதை விட்டுப் போக மாட்டேன் என்கிறது.

"நீங்க அந்தப் பொண்ணுகிட்ட அப்படிச் சொன்னது சரியில்லை."

"அட, தமாஷுக்குச் சொன்னேன். அதுவே சிரிச்சுதே."

"மேனேஜர் வீட்டுக்காரர் சொன்னா சிரிக்காம என்ன பண்ணும்?"

இதுவரைக்கும் எனக்கு என் மேலேயே மரியாதையாக இருந்தது. பின் சீட்டிலிருந்து மகன் கேட்டான்: "நீயும்தானேம்மா சிரிச்சே?"

"நான் சிரிச்சது வேற" என்றேன்.

என்ன வேற? அவன் கேட்கவில்லை. கேட்டிருந்தால் பதில் இருந்திருக்காது. வேலையில் சேர்ந்த புதிதில் ஒரு மேனேஜர், "லேடீஸுக்கு லோன் சீட் குடுத்தா ஃபீல்டுக்கு யார் போறது, அவங்க புருஷனா?" என்று கேட்டு எல்லாரையும் சிரிக்க வைப்பார். நானும்தான் சிரித்தேன். அந்தச் சிரிப்பு இடுப்பில் சாவிக்கொத்து மாதிரி எப்போதும் கூடவே இருந்திருக்கிறது போல, தேவைப்படும்போது தானாகக் கைக்கு வருகிறது. என் கீழே வேலை பார்க்கும் பெண்ணுக்காக அதை எடுக்காமல் இருந்திருக்கலாம், அதுவும் என் கிளையில், என் முன்னால். சரி, பசி, களைப்பு, மணி எட்டரை என்று காரணம் சொல்லலாம். அவளுக்கும் அதே எட்டரைதான், அதற்கு மேல் லால்குடி பஸ்ஸும் பிடிக்க வேண்டும்.

இதில் வேடிக்கை என்னவென்றால், நான் எங்கள் மண்டல உள்ளகப் புகார்க் குழுவில் உறுப்பினர். வேலையிடத்தில் பெண்களுக்கு நடக்கும் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013-ஆம் ஆண்டுச் சட்டத்தைப் பற்றிக் கிளை கிளையாகப் போய் வகுப்பு எடுக்கிறேன். ராஜஸ்தானில் கிராமப் பணியாளர் பன்வாரி தேவிக்கு நடந்த பாலியல் கொடுமை, அதிலிருந்து 1997-இல் உச்ச நீதிமன்றம் வகுத்த விசாகா நெறிமுறைகள், மூன்று மாதத்துக்குள் புகார், 90 நாளில் விசாரணை, எல்லாம் மனப்பாடம். ஒரு வகுப்பில் ஒரு பெண், "பொம்பளைக்குக் கணக்கு வராதுன்னு சொன்னா அது இதுல வருமா மேடம்?" என்று கேட்டாள். பாலியல் சாயல் இல்லாத வரை இந்தச் சட்டத்தில் வராது என்றேன். சட்டப்படி சரியான பதில்தான். அடுத்த ஸ்லைடுக்குப் போய்விட்டேன்.

அந்த அடுத்த ஸ்லைடு, 2024 நேரப் பயன்பாட்டுக் கணக்கெடுப்பு. சம்பளமில்லாத வீட்டு வேலைக்கு, அதைச் செய்கிற பெண்கள் ஒரு நாளில் சராசரியாக 289 நிமிடமும், செய்கிற ஆண்கள் 88 நிமிடமும் செலவிடுகிறார்கள். அந்த 88-ஐ என் வீட்டுக்காரர் காலை எட்டு மணிக்குள் தாண்டிவிடுவார். மகனுக்கு டிபன் கட்டுவது, மாவு அரைப்பது, துணி காயப்போடுவது எல்லாம் அவர்தான். எனக்குப் பிரமோஷன் வந்து வெளியூர் போட்டபோது, "போ, நான் பார்த்துக்கறேன்" என்று இரண்டு வருஷம் பையனைத் தனியாகப் பார்த்துக்கொண்டவர். இப்படிப்பட்ட மனுஷனிடம் ஒரு வார்த்தைக்காகச் சண்டைக்கு நிற்பது நியாயமா என்று பாதி நாள் தோன்றும். மீதி நாள், இப்படிப்பட்ட மனுஷன் வாயிலிருந்தே அது யோசனை இல்லாமல் வருகிறது என்பதுதானே பிரச்சனை என்று தோன்றும். பையன் அப்பா துணி காயப்போடுவதையும் பார்க்கிறான், அப்பா சொல்லும் ஜோக்கையும் கேட்கிறான், இரண்டில் எதை எடுத்துக்கொள்வான் என்பது என் கையில் இல்லை.

அன்றைக்கு வீட்டுக்குப் போய் மகனிடம் விளக்கம் சொல்லப் போனேன். ஸ்டேட் பாங்குக்கே 2013 முதல் 2017 வரை தலைவராக இருந்தது அருந்ததி பட்டாச்சார்யா, ஒரு பெண்தான் தெரியுமா என்றேன். "சரிம்மா" என்று சொல்லிவிட்டுத் தோசையைப் பிய்த்தான். சொன்ன பிறகுதான் உறைத்தது, இது அந்தப் பெண்ணுக்கு எந்த விதத்திலும் உதவாத வாதம் என்று. அவள் ஸ்டேட் பாங்க் தலைவராக வேண்டியதில்லை. போன வருஷம் இதே கவுன்டரில் ஒரு பையன் உட்கார்ந்து 10,000 குறைந்தபோது, பாவம் கூட்டம் ஜாஸ்தி என்றுதான் எல்லாரும் சொன்னார்கள், ஆம்பளைங்க கேஷ்ல உட்கார்ந்தாலே இப்படித்தான் என்று யாரும் சொல்லவில்லை. இதையல்லவா மகனிடம் சொல்லியிருக்க வேண்டும்? அதற்குள் அவன் தூங்கிவிட்டான்.

வீட்டுக்காரர் இரண்டு நாள் சரியாகப் பேசவில்லை. மூன்றாம் நாள், "பையன் முன்னாடி என்னை அப்படிக் கேட்டிருக்க வேண்டாம்" என்றார். பையன் முன்னாடிதானே நீங்க சொன்னீங்க என்றேன். வாதத்தில் ஜெயித்துவிட்டேன். ஆனால் அவருக்கு அந்தக் காரில் எப்படி இருந்திருக்கும் என்பதும் எனக்குத் தெரியும். கவுன்டருக்குள் ஒருத்தி தலை குனிந்திருந்தாளே, ஏறக்குறைய அது மாதிரி. இரண்டும் ஒன்றல்ல என்கிறேன், ஆனாலும் இரண்டையும் என் மகன் பார்த்தான்.

கேஷியரிடம் மறுநாளே பேச்சை எடுத்தேன். "அய்யோ மேடம், சார் சும்மா சொன்னாரு" என்று நான் முடிக்குமுன் முடித்தாள். அவளுடைய "சும்மா"வும் என்னுடைய "வேற"வும் ஒரே ரகம் என்று நினைக்கிறேன்.

இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன். அடுத்த மாத முதல் வாரத்துக்கு கேஷில் ஒரு பையனைப் போட்டேன். அவளுக்கு லால்குடி பஸ் போய்விடுமே என்றுதான். உண்மையிலேயே அதற்காகத்தான், இரண்டு பேரிடமும் அப்படியே சொன்னேன். அவள் "தேங்க்ஸ் மேடம்" என்றாள். பஸ் அவளுக்குச் சேர்ந்த நாளிலிருந்தே இருக்கிறது, எனக்கு அந்த மாதம்தான் ஞாபகம் வந்தது.

வீட்டில் இப்போது அப்பா ஏதாவது ஜோக் சொன்னால் மகன் உடனே சிரிப்பதில்லை. முதலில் திரும்பி என் முகத்தைப் பார்க்கிறான். போன வாரம் அப்படிப் பார்த்தபோது அவர் சொன்னது வெறும் கிரிக்கெட் ஜோக். நான் சிரித்தேன், அதற்கப்புறம்தான் அவன் சிரித்தான்.