காற்றுமானி புராஜெக்ட்: வைவா என்ற வாய்மொழித் தேர்வுக்குப் போகும் முன்

பி.எஸ்சி. இயற்பியல் கடைசி வருடம், காற்றின் வேகத்தை அளக்கும் காற்றுமானி செய்யலாம் என்று எடுத்தேன். செலவில்லாத வேலை என்று நினைப்பு. நாலு சிரட்டை, பழைய சைக்கிள் ஹப், இரண்டு கம்பி. எங்கள் செட்டிநாட்டு வீடுகளைத்தான் தெரியுமே, முகப்புக் கதவையும் பின்கட்டுக் கதவையும் திறந்துவிட்டால் நடுவில் இருக்கும் வளவு வழியாகக் காற்று நேராகப் பாயும். கருவியை அங்கேதான் வைத்தேன். அசையவே இல்லை.

"ஆடிக் காத்துல அம்மியும் பறக்கும்பாக. ஒஞ் செரட்டை நகர மாட்டேங்குதேப்பா" என்றார் அப்பத்தா.

சிரட்டையின் கனம் அச்சில் உராய்வைக் கூட்டியிருந்தது. மிச்சத்தை ஹப்பில் இறுகிக் கிடந்த கிரீஸ் பார்த்துக்கொண்டது. பிளாஸ்டிக் பந்துகளைப் பாதியாக வெட்டி, மூன்று கிண்ணமாக மாற்றியதும் சுற்றியது.

உண்மையான அடி முதல் ரெவ்யூவில் விழுந்தது. கிண்ணத்தின் வேகத்தை 3-ஆல் பெருக்கினால் காற்றின் வேகம் என்று எழுதியிருந்தேன். "அந்த மூணு எங்கேர்ந்து வந்துச்சு?" என்று கேட்டார் சார். "புக்குல இருந்துச்சு சார்."

அந்த 3, அயர்லாந்தின் அர்மா வானாய்வகத்தில் இருந்த ராபின்சன் சொன்னது. 1846-இல் நான்கு கிண்ணக் காற்றுமானியைக் கொண்டுவந்தவர் அவர். கிண்ணம் எந்த அளவில் இருந்தாலும் காற்றின் மூன்றில் ஒரு பங்கு வேகத்தில் ஓடும் என்று நம்பினார். பின்னால் வந்தவர்கள் அளந்து பார்த்தபோது, கிண்ணத்தின் அளவையும் அதைத் தாங்கும் கம்பியின் நீளத்தையும் பொறுத்து அது மாறுவது தெரிந்தது. ஆக, உங்கள் கருவியின் எண்ணை நீங்கள்தான் கண்டுபிடிக்க வேண்டும். அதற்குப் பெயர்தான் அளவுத்திருத்தம்.

நாங்கள் செய்தது இது. இலை அசையாத விடியற்காலை, தேவகோட்டை ரோடு. காற்றே இல்லாதபோது வண்டியின் வேகம்தான் கருவிக்குக் காற்றின் வேகம். நண்பன் வண்டி ஓட்ட, பின்னால் உட்கார்ந்து நீளமான கம்பில் கருவியைத் தலைக்கு மேலே பிடித்தேன். தாழ்த்திப் பிடித்தால் எங்கள் உடம்பே காற்றைக் கலைத்துவிடும். ஒரு கிண்ணத்துக்குச் சிவப்புப் பெயிண்ட்; செல்போனில் படமெடுத்து, ஸ்லோ மோஷனில் ஓட்டிச் சுற்றை எண்ணினோம். போகும்போது ஒரு தடவை, வரும்போது ஒரு தடவை, இரண்டுக்கும் சராசரி. வண்டி மீட்டரை நம்பாதீர்கள், ஜி.பி.எஸ். வேகத்தை எடுங்கள்.

அச்சிலிருந்து கிண்ண மையம் 12 செ.மீ.; ஒரு சுற்றுக்கு 75 செ.மீ. மணிக்கு 20 கி.மீ. வேகத்தில், அதாவது விநாடிக்கு 5.56 மீட்டரில், 10 விநாடிக்கு 28 சுற்று. கிண்ணத்தின் வேகம் விநாடிக்கு 2.1 மீட்டர். 5.56-ஐ அதால் வகுத்தால் 2.6 சொச்சம்தான் வருகிறது, 3 இல்லை. இந்தச் சின்ன வித்தியாசத்துக்கா இவ்வளவு பாடு என்று தோன்றும். காற்றாலைக் கணக்கில் வேகத்தின் மும்மடி வரும்; 3 போட்டிருந்தால் காற்றின் திறனைக் கிட்டத்தட்ட ஒன்றரை மடங்காகக் காட்டியிருப்பேன். வைவாவில் இதைச் சொன்னபோதுதான் எக்ஸ்டர்னல், அதாவது வெளியிலிருந்து வந்த தேர்வாளர், நிமிர்ந்து பார்த்தார்.

அவர் கேட்டதில் நான் திணறியது ஒன்று: விட்டுவிட்டு அடிக்கும் காற்றில் கிண்ணமானி கூடக் காட்டுமா, குறைத்தா? கூடத்தான். காற்று வலுக்கும்போது சட்டென்று வேகம் பிடிக்கும், தணியும்போது மெதுவாகத்தான் இறங்கும். ஒலி அலை போய்ச் சேரும் நேரத்தை வைத்து அளக்கும் மீயொலிக் காற்றுமானியில் சுழலும் பாகமே கிடையாது, அதனால் இந்தத் தொல்லையும் இல்லை. திறந்தவெளியில் 10 மீட்டர் உயரத்தில் அளப்பதுதான் வழக்கம் என்பதையும் கேட்பார்கள்; மொட்டை மாடி என்று சொல்லி மாட்டிக்கொள்ளாதீர்கள். காற்றுத்திசைகாட்டியின் முனை காற்று வரும் திசையைக் காட்டும். குழம்பினால் வாடையை நினைத்துக்கொள்ளுங்கள்: வடக்கிலிருந்து வருவதால்தான் அந்தப் பெயர்.

அளவுத்திருத்த வரைபடத்தை ரெக்கார்டின் முதல் பக்கத்திலேயே ஒட்டிவிடுங்கள். என்னுடையது 37-ஆம் பக்கத்தில் கிடந்தது. புரட்டி எடுப்பதற்குள் அவர் அடுத்த கேள்விக்குப் போய்விட்டார்.