மண்டபம் முதல் சேரம்பாடி வரை: அம்மாவோடு ஆறு நாள்

19 ஜனவரி 2026, திங்கள். தனுஷ்கோடி

அம்மாவின் அம்மாவான அம்மாயி, அம்மாவையும் கூட்டிக்கொண்டு இலங்கைத் தோட்டத்திலிருந்து கரையேறி வந்த அதே வரிசையில்தான் இந்தப் பயணம்: ராமேஸ்வரம், மண்டபம், புதுக்கோட்டைப் பக்கத்துக் கிராமம், கடைசியில் நீலகிரியின் சேரம்பாடித் தேயிலைத் தோட்டம். அவர்கள் வந்த பாஸ்போர்ட்டில் இருக்கும் முத்திரை 1972. அம்மாவுக்கு அப்போது 9 வயது. அந்த வயதில் தேதி மனதில் நிற்காது, இடம் நிற்கும். அதனால் வழியை மாற்றாமல் போவதே நல்லது.

1964 அக்டோபர் 30-இல் கையெழுத்தான இந்திய–இலங்கை சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம், இலங்கைத் தோட்டங்களில் வாழ்ந்த மலையகத் தமிழரில் 5,25,000 பேரை இந்தியாவுக்கு என்று எழுதியது. இரண்டு மாதம் முடிவதற்குள், டிசம்பர் 22 இரவு, புயல் தனுஷ்கோடியைக் கொண்டுபோய்விட்டது. ஒப்பந்தப்படி வந்தவர்கள் தலைமன்னாரில் கப்பலேறி ராமேஸ்வரத்தில்தான் இறங்கினார்கள். "தனுஷ்கோடியில இறங்கினோம்" என்று வீட்டில் யாராவது சொன்னால், அது 1964-க்கு முந்தைய பயணமாக இருக்கும். ஒரே குடும்பத்தில் இரண்டு பயணங்கள் ஒன்றாகக் கலந்துவிடுவது சாதாரணம்.

அரிச்சல்முனைச் சாலையில் தார் ஓரத்தைத் தாண்டிச் சக்கரத்தை இறக்கக் கூடாது. மேலே காய்ந்து தெரியும் மணல் கீழே இளகியிருக்கும். புதைந்துவிட்டால் ஆக்சிலரேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும். டயர் காற்றை 18 பிஎஸ்ஐ வரை குறைத்து, சக்கரத்தின் முன்னால் மணலை வாரி, கால் மிதியடியைப் போட்டு, இரண்டாவது கியரில் மெதுவாக எடுக்க வேண்டும். திரும்பவும் காற்றடிக்கப் பம்ப் கையில் இருக்கட்டும். அன்றே வண்டியின் அடிப்பகுதியை நல்ல தண்ணீரால் கழுவிவிட வேண்டும், உப்புக் காற்று பிரேக் பக்கம் துரு ஏற்றும்.

பூநாரைகளைப் பார்க்கக் காலை வெயில் ஏறுமுன் போக வேண்டும். 2025 ஜூனில் இந்த இடம் பூநாரைச் சரணாலயமாக அறிவிக்கப்பட்டது. ஆழமில்லாத உப்பங்கழியில் தலைகீழாக அலகை வைத்துச் சேற்றை அரித்துத் தின்னும். கிட்டே நடந்தால் கூட்டமே எழும்பிவிடும், இரை தேடும் நேரம் வீணாகும். சாலையிலிருந்தே 8x42 தொலைநோக்கி போதும்.

20 ஜனவரி, செவ்வாய். மண்டபம்

பாம்பன் சாலைப் பாலம் 1988-இல்தான் திறந்தது. எனவே 1972-இல் தீவை விட்டு வெளியே வர ரயில் மட்டுமே, அதுவும் 1914-ஆம் ஆண்டுப் பாலத்தின் மேல். அதற்குப் பக்கத்தில் 2025 ஏப்ரலில் திறந்த புதிய ரயில் பாலம். சாலைப் பாலத்தின் நடுவில் வண்டியை நிறுத்திப் படம் எடுக்க வேண்டாம். ரயிலில் ஒரு முறை கடந்தால் அம்மா பார்த்த காட்சி அப்படியே கிடைக்கும்: ஜன்னலுக்குக் கீழே தரையே தெரியாது.

மண்டபம் முகாம் என்ற பெயரிலேயே ரயில் நிலையம் இருக்கிறது. வெள்ளையர் காலத்தில் இலங்கைத் தோட்டங்களுக்குப் போகிறவர்களைத் தடுத்துவைத்துச் சோதித்த இடம். பிறகு அங்கிருந்து திரும்பியவர்களை வாங்கிக்கொண்டது, 1983-க்குப் பிறகு அகதிகளை. போகும்போதும் வரும்போதும் ஒரே வாசல். இப்போதும் மக்கள் வசிக்கும் முகாம் என்பதால் அனுமதி இல்லாமல் உள்ளே போகவோ படம் எடுக்கவோ கூடாது. வெளிச்சாலையிலிருந்து பார்த்தால் போதும்.

21 ஜனவரி, புதன். புதுக்கோட்டை மாவட்டம்

பூர்வீக ஊரைத் தேடுகிறவர்கள் தடுக்கி விழும் இடம் ஜில்லாப் பெயர். இலங்கையிலிருந்து திரும்பியவர்களுக்குக் கொடுத்த குடும்ப அட்டையில் "திருச்சி ஜில்லா" என்றிருந்தால் இன்றைய திருச்சியில் தேடிப் பயனில்லாமல் போகலாம். புதுக்கோட்டை சமஸ்தானம் 1948-இல் திருச்சியோடு சேர்ந்து, 1974-இல் தனி மாவட்டமானது. கரூரும் பெரம்பலூரும் 1995-இல் பிரிந்தன. அட்டை எழுதிய ஆண்டில் எல்லை எங்கே இருந்தது என்று முதலில் பார்த்துவிட்டு வண்டியை எடுக்க வேண்டும்.

ஊர்ப் பெயரும் காதில் விழுந்தபடிதான் எழுதப்பட்டிருக்கும். ஒரே பெயரில் நான்கு ஊர் இருந்தால் குலதெய்வத்தைக் கேளுங்கள். ஊர் மறந்த குடும்பமும் சாமி பெயரை மறப்பதில்லை. கோயிலுக்குப் போனதும் பூசாரியிடம் மட்டும் பேசிவிட்டு வந்துவிடாதீர்கள். திருவிழாவுக்குத் தலைக்கட்டு வரி வசூலிக்கும் நோட்டு யாரிடம் இருக்கிறது என்று விசாரிக்க வேண்டும். குடும்பத் தலைவர் பெயர், அவர் அப்பா பெயர், எந்த வகையறா, எல்லாம் அதில் வரிசையாக இருக்கும். பழைய நோட்டுகளில் "சிலோன்" என்று குறித்துத் தள்ளிவைத்த பெயர்களும் உண்டு. நாங்கள் பார்த்த நோட்டில் அப்படி இரண்டு.

நிலப் பேச்சை முதல் நாளே எடுக்கக் கூடாது. "பங்கு கேக்க வந்திருக்காங்க" என்ற பயம் ஒருமுறை விழுந்துவிட்டால் யாரும் வாய் திறக்க மாட்டார்கள். பெயர் கேட்கத்தான் வந்தோம் என்பதை அம்மாதான் சொல்ல வேண்டும். மகள் சொன்னால் அந்த நம்பிக்கை வராது.

நோட்டு, அட்டை போன்ற பழைய தாளைப் படமெடுக்க: கறுப்புத் துணி விரித்து, ஜன்னலோரம், நேர் வெயில் படாமல், பக்கத்தில் ஒரு அளவுகோல். போன் தாளுக்கு இணையாக இருக்க வேண்டும், ஃபிளாஷ் கூடாது. பின்பக்கத்தையும் எடுக்க வேண்டும், முத்திரை பெரும்பாலும் அங்கேதான். வீட்டில் இருக்கும் அசலை 600 டிபிஐ-யில் ஸ்கேன் செய்யலாம். லேமினேட் செய்யவே கூடாது: சூட்டில் மை இளகும், பிறகு பிரிக்கவும் முடியாது. செலோடேப் சில ஆண்டுகளில் மஞ்சளாகித் தாளையும் கறையாக்கும்.

22 ஜனவரி, வியாழன். மேட்டுப்பாளையம்

முழு நாளும் சாலை. ஒன்றரை மணிக்கு ஒருமுறை நிறுத்தி அம்மா பத்து நிமிடம் நடக்க வேண்டும், இல்லாவிட்டால் கால் வீங்கும். நீலகிரிக்குள் நுழைய 2024 மே முதல் இ-பாஸ் வேண்டும். இன்றிரவே எடுத்துவைப்பது நல்லது, சோதனைச் சாவடியில் சிக்னல் சரியாக இருக்காது. பிளாஸ்டிக் தண்ணீர் பாட்டில்களை இறக்கிவிட்டு எவர்சில்வர் பாட்டில் இரண்டு.

23 ஜனவரி, வெள்ளி. குன்னூர், நடுவட்டம், கூடலூர்

ஏற்றத்தில் எதிரே வண்டி வந்தால் ஏறுகிறவருக்கே வழி. கஷ்டம் ஏறுவதில் இல்லை, நடுவட்டத்திலிருந்து கூடலூருக்கு இறங்குவதில். எந்த கியரில் ஏற முடியுமோ அதே கியரில் இறங்க வேண்டும். பிரேக்கை விடாமல் மிதித்தபடி வந்தால் சூடேறிப் பிடிமானம் போய்விடும், கருகிய வாடை வரும். வந்தால் ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட வேண்டும். தண்ணீர் ஊற்றினால் டிஸ்க் வளைந்துவிடும்.

24 ஜனவரி, சனி. சேரம்பாடி

தாயகம் திரும்பியவர்களுக்கு வேலை தர 1968-இல் வனத்துறை தொடங்கிய தேயிலைத் திட்டம் 1976-இல் டேன்டீ (தமிழ்நாடு அரசின் தேயிலைத் தோட்டக் கழகம்) நிறுவனமானது. 2022-இல் அதன் நிலத்தில் 2,152 ஹெக்டேரை வனத்துறைக்கே திருப்பிக்கொடுக்க முடிவானது. லயங்களை, அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகளைப் படமெடுக்க நினைப்பவர்கள் தள்ளிப்போட வேண்டாம். ஆள் இல்லாத லயத்தில் முதலில் கூரைத் தகடு போகும், ஒரு மழைக்காலத்தில் சுவரும் போய்விடும்.

கவ்வாத்து (கிளைகளை வெட்டிவிடுவது) நின்ற தேயிலை இடுப்பு உயரத்தில் நிற்காது, மரமாகிவிடும். நடுவே உண்ணிச்செடி ஏறிப் புதராகும், புதருக்குள் நிற்கும் யானை பத்தடியிலும் தெரியாது. தோட்டத்து ஆள் ஒருவர் முன்னால் நடக்காமல் உள்ளே போகவே கூடாது. காலை 8-க்கு முன்னும் மாலை 4-க்குப் பின்னும் வேண்டாம்.

"அந்தக் காலத்தைப் பத்திச் சொல்லும்மா" என்று கேட்டால் இரண்டு வரியில் முடிந்துவிடும். பொருளைக் கையில் கொடுங்கள். மட்டக்குச்சியை அம்மா செடிமேல் படுக்கவைத்து, அதற்கு மேலே நீட்டியிருக்கும் கொழுந்தை மட்டும் எடுக்க வேண்டும் என்று செய்துகாட்டினார். அதிலிருந்தே படங்கு (இடுப்பில் கட்டும் சாக்கு), பெரட்டுக்களம் (வேலைக்கு ஆள் பிரிக்கும் இடம்), காம்பரா (லயத்து அறை), இஸ்தோப்பு (முன்திண்ணை) என்று சொற்கள் தானாக வந்தன. நாற்பது நிமிடப் பதிவு. போன் விமான நிலையில், மைக்கின் மேல் காற்றுக்குப் பஞ்சு, ஒவ்வொரு சொல்லுக்கும் நேரக் குறிப்பு.

இலங்கைத் தோட்டத்தின் பெயர் இன்னும் பாக்கி. பாஸ்போர்ட்டில் ஆங்கிலப் பெயர், அம்மா சொல்வது தமிழ்ப் பெயர், இரண்டுக்கும் ஒட்டே இல்லை. பழைய ஃபெர்குசன் இலங்கை டைரக்டரியில் தோட்டங்களின் தமிழ்ப் பெயர்ப் பட்டியல் உண்டு. அம்மா சொன்ன பெயரை அவர் உச்சரித்தபடியே மூன்று விதமாக எழுதிவைத்திருக்கிறேன், அந்தப் பட்டியலோடு ஒப்பிட.